டெலிவரி வண்டியில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு: படபடப்பைச் சமாளிப்பது எப்படி

பார்சல் டெலிவரிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளில் பலருக்கு வண்டி ஓட்டுவதில் பயம் கிடையாது. ஊரில் லோடு ஆட்டோ ஓட்டியிருப்பார்கள், சித்தப்பா வேனை எடுத்துக்கொண்டு திருப்பதி வரை போய் வந்திருப்பார்கள். ஆனால் காலையில் பார்சல் ஏற்றுகிற ஹப்பில் நின்று, அன்று போக வேண்டிய முகவரிகள் இருக்கிற ரன்ஷீட்டைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைப் பிசையும். நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் குட்டி யானையில் பார்சல் கொண்டுபோவதும், புதியவர்களைக் கூட்டிப்போய் ரூட் பழக்குவதும்தான் என் பிழைப்பு. அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓட்ட வேண்டும், வீட்டு எண்ணைத் தேட வேண்டும், போன் அடிக்கிறது, பின்னால் ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார், சில்லறை இருக்கிறதா என்று வேறு யோசனை. இத்தனையும் சேர்ந்து மண்டைக்குள் முட்டி மோதும்போதுதான் கை நடுங்குகிறது. அந்த நேரத்தில் "தைரியமா இரு தம்பி" என்று சொல்லிப் பயனில்லை. தலைக்குள் சுமப்பதில் பாதியைப் பெட்டி மேலும் காகிதத்திலும் இறக்கி வைத்துவிட்டால் படபடப்பு தானாகக் குறையும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

லோடு ஏற்றும்போதே பாதி வேலை

புதியவர்கள் செய்வது இது: பெல்ட்டிலிருந்து வருகிற வரிசையில் பெட்டிகளை எடுத்து வண்டிக்குள் தள்ளிவிட்டு, "கிளம்பினா போதும்" என்று கதவைச் சாத்துவார்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வெயிலில் நின்று, லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஆரம்பிக்கிற பதற்றம் சாயங்காலம் வரை விடாது.

ஹப்பில் கூடுதலாக அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். டீம் லீடர் (டி.எல்.) முறைத்தாலும் பரவாயில்லை, அந்த நேரம் மதியத்துக்குள் திரும்பக் கிடைத்துவிடும். முதலில் ரன்ஷீட்டைத் தெரு வாரியாகப் பிரித்து, எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெரு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆப் ஒரு வரிசை காட்டும். ஒன்வேயும் சந்தைக் கூட்டமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் எல்லா நேரமும் அதற்குத் தெரிந்திருக்காது. பிறகு தடிமனான மார்க்கர் பேனாவால் அந்த வரிசை எண்ணை ஒவ்வொரு பெட்டியிலும் பெரிதாக எழுதுங்கள். பெட்டி மேல் எழுதக்கூடாது என்கிற ஹப்பும் உண்டு. அங்கே மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் எழுதலாம். எண் கதவைப் பார்த்து இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுக்க வேண்டியது உள்ளே, முதலில் கொடுக்க வேண்டியது கதவோரம், கனமானது கீழே. துணிமணி வருகிற பிளாஸ்டிக் கவர்கள்தான் வழுக்கிக்கொண்டு போய் எங்காவது ஒளிந்துகொள்ளும். அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கிரேட் வையுங்கள். வாசலில் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற சிஓடி பெட்டிக்கு எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், பணம் வாங்க மறந்துவிடுவோமோ என்கிற கவலை அதோடு தீர்ந்தது.

போன ஆடியில் என்னோடு வந்த ஒரு தங்கச்சி, முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை லோடை நான் தொடாமல் அவரையே அடுக்கச் சொன்னேன். எண் போட்டு, வரிசை வைத்து, கதவைச் சாத்துவதற்கு முன் ஒருமுறை உள்ளே நின்று பார்த்தார். "அண்ணா, எல்லாம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். அன்றைக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார்.

முகவரியை வண்டி நிற்கும்போதே படியுங்கள்

பின்கோடு எண்ணை யாரும் மதிப்பதில்லை. 1972-இல் வந்த அந்த ஆறு இலக்கம் நம் தொழிலுக்கு இன்றும் பெரிய துணை. முதல் மூன்று இலக்கம் 600 என்றால் சென்னை. கடைசி மூன்றும் எந்தத் தபால் நிலையத்து எல்லை என்று காட்டிவிடும். என் ரூட்டிலேயே ராம் நகர் நங்கநல்லூரிலும் இருக்கிறது, மடிப்பாக்கத்திலும் இருக்கிறது. லேபிளில் "ராம் நகர், 3வது தெரு" என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால், நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் நின்றுகொண்டு மடிப்பாக்கத்து வீட்டைத் தேட நேரும். 600061 என்றால் நங்கநல்லூர், 600091 என்றால் மடிப்பாக்கம். ஒரு பார்வையில் சந்தேகம் போய்விடும்.

சென்னை வீட்டு எண்களில் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. 12/27 என்று எழுதியிருந்தால் எது பழசு, எது புதுசு என்று லேபிளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெருவில் நுழைந்ததும் முதல் இரண்டு வீட்டுக் கேட்டைப் பாருங்கள். இரண்டு எண்ணும் எழுதியிருந்தால் அந்தத் தெருவின் போக்கு பிடிபட்டுவிடும். இல்லையென்றால் இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். வீட்டு எண், பேர், யார் எத்தனை மணிக்கு வெளியே போவார் என்பது வரை அவருக்குத் தெரியும்.

வண்டியை நிறுத்துவது, இறங்குவது, பின்னால் எடுப்பது

படபடப்பு அதிகமாக இருக்கும்போது கைபிரேக் போட மறப்போம், சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவோம், பின்கதவு பூட்டாமல் கிளம்புவோம். இதற்கு ரயில்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. எஞ்சினில் லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். கண்ணால் பார்த்ததை வாயும் சொல்லும்போது கவனம் சிதறாது. நீங்களும் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சொல்லுங்கள்: "கைபிரேக், கியர், சாவி, கதவு." சத்தமாகவே சொல்லுங்கள். பக்கத்தில் டிரெயினர் இருந்தாலும் கூச்சப்பட வேண்டாம். நான் இன்றைக்கும் சொல்கிறேன்.

இறங்கும்போது டிரைவர் கதவை இடது கையால் திறங்கள். நம் ஊரில் டிரைவர் சீட் வலப்பக்கம், கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். வலக்கையால் திறந்தால் உடம்பு திரும்பாது, பின்னால் வருகிற பைக் கண்ணில் படாது. இடது கையை நீட்டித் திறந்தால் தோள் தானாகத் திரும்பும், தலையும் கூடவே திரும்பும், கண்ணாடியும் ரோடும் இரண்டும் தெரியும். ஒரு வாரம் செய்தால் கைக்குப் பழகிவிடும்.

ரிவர்ஸ் எடுப்பதுதான் புதியவர்களை ரொம்பப் படுத்தும். ஒருமுறை மூவரசம்பட்டுப் பக்கம் ஒரு சந்தில் பயிற்சிக்கு வந்த தம்பி ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே தண்ணி லாரி வந்து நின்றுவிட்டது. லாரிக்காரர் ஒரு ஹாரன்தான் அடித்தார். தம்பியின் கை உடனே ரிவர்ஸ் கியருக்குப் போனது.

"நியூட்ரல். கைபிரேக். இறங்கு" என்றேன்.

"அண்ணே, அவர் திட்டுவாரு."

"திட்டட்டும். பின்னால போய்ப் பார்த்துட்டு வா."

போய்ப் பார்த்தார். இடப்பக்கம் கால்வாய் சிலாப் ஒன்று பாதி உடைந்து கிடந்தது. கண்ணாடியில் அது தெரியவே தெரியாது, பின்சக்கரம் நேராக அதற்குள்தான் இறங்கியிருக்கும். திரும்பி வந்தபோது லாரிக் கிளீனரே இறங்கி வந்து, "வா வா, வலது ஒடி, வா" என்று கை காட்டினார். வண்டி சுகமாக வெளியே வந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இறங்கிப் பார்க்கிற டிரைவரை ரோட்டில் யாரும் குறைவாக நினைப்பதில்லை; கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் மதிக்கவே செய்வார்கள். ஹாரன் சத்தம் கேட்டவுடன் வண்டியை நகர்த்தக் கூடாது. அடித்தவருக்குக் கையைக் காட்டிவிட்டு, பார்த்துவிட்டு, அப்புறம் நகர்த்துங்கள்.

சந்துக்குள் வண்டியைக் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்ப இடம் இருக்குமா என்று சந்தேகம் வந்தால் முனையிலேயே ஓரமாக நிறுத்தி, பூட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடங்கள்.

டிராபிக் போலீஸ் கை காட்டினால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. காகிதம் சரியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), புகைச் சான்று எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள். "என் லைசென்ஸில் எல்.எம்.வி. (இலகுரக வண்டி) மட்டும்தானே இருக்கிறது, சரக்கு வண்டி ஓட்டலாமா" என்று கேட்பவர்கள் உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. குட்டி யானை அந்த வரம்புக்கு எவ்வளவோ கீழே. எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு மட்டும் சரக்கு வண்டியில் கை வைக்காதீர்கள்.

டிரெயினர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது

ஒருவர் நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாக ஓட்டுகிறவருக்கும் தடுமாறும். காலையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதீங்க, நிறுத்தின பிறகு சொல்லுங்க." அல்லது உங்களுக்குப் பேசிக்கொண்டே வந்தால்தான் இலகுவாக இருக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். நல்ல டிரெயினர் கேட்டுக்கொள்வார். நாங்கள் பக்கத்தில் வருவது மார்க் போட இல்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த அபார்ட்மெண்டில் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும், எங்கே மத்தியானம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதைச் சொல்லித் தரத்தான். அதனால் கேளுங்கள், ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு நீங்கள் தனியாகப் போகிற அன்றைக்கு டிரெயினரின் இடத்தில் இருக்கும். சந்தேகம் கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

போனில் பேசுவது

வாடிக்கையாளரிடம் பேசத்தான் பலருக்கு ஓட்டுவதைவிடப் பயம். வண்டி ஓடும்போது போனை எடுக்காதீர்கள், அடித்து ஓயட்டும். ஓரமாக நிறுத்தித் திருப்பிக் கூப்பிடுங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். "சார், உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டால் அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிப்பார். உங்களுக்கும் புரியாது, அவருக்கும் கோபம் வரும். இப்படிக் கேளுங்கள்: "வணக்கம்ங்க, உங்க பார்சல் கொண்டு வந்திருக்கேன். 3வது தெரு முனையில மெடிக்கல் ஷாப் பக்கத்துல நிக்கிறேன். நேரா வரணுமா, திரும்பணுமா?" நீங்கள் நிற்கிற இடத்தை முதலில் சொல்லிவிட்டால் பதில் ஒரே வரியில் வரும். இந்த மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்து, வீட்டில் அம்மாவிடமோ தங்கையிடமோ சொல்லிப் பாருங்கள். நா குழறுகிற நேரத்தில் தானாக வாயில் வரும்.

ஓடிபி கேட்டால் சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். யாருக்கும் சொல்லாதே என்று வங்கிகள் நாள் முழுக்க எச்சரிப்பதால் அவர்கள் பயப்படுவது நியாயம்தான். பெட்டியைக் கையில் காட்டி, லேபிளில் அவர் பெயரைக் காட்டி, "இந்தப் பார்சலுக்கு வந்திருக்கிற நம்பர்ங்க" என்று சொன்ன பிறகு கேளுங்கள். போனிலேயே முன்கூட்டி ஓடிபி கேட்காதீர்கள்.

யாராவது கத்தினால் பதிலுக்குக் காரணம் அடுக்க வேண்டாம். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். "சரிங்க, நான் ஹப்புல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு வாருங்கள். நேற்று யாரோ செய்த தாமதத்துக்கு அவர் இன்று உங்களைத் திட்டியிருக்கலாம். அடுத்த வீட்டுக்குப் போகுமுன் சீட்டில் உட்கார்ந்து, மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஏழு எண்ணும்வரை மெதுவாக வாயால் விடுங்கள். வெளியே விடுகிற மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். உடம்பின் அமைப்பே அப்படி. மூன்று நான்கு முறை போதும். சாவியைத் திருகுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஓட்டிக்கொண்டே வேண்டாம்.

வயிறும் தண்ணீரும்

வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பத்து மணிக்குப் படபடவென்று வருவது பயத்தால் மட்டும் இல்லை. நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்களிடம் அதிகம், அது உடம்பைக் கெடுக்கும். ரூட்டில் உள்ள பெட்ரோல் பங்க், மெட்ரோ ஸ்டேஷன், சுத்தமான ஹோட்டல் எவை என்று முதல் நாளே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டெலிவரி ஊழியர்களுக்காக அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி ஏசி ஓய்வறைகள் திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் ரூட் இருப்பவர்கள் தயங்காமல் போய் உட்காருங்கள். நம் நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கமும் அது வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

பின்தங்கிவிட்டால்

மதியம் ஒரு மணிக்குப் பாதி லோடு வண்டியிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் புதியவர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். மாடிப்படியில் தடுக்குவது, தப்பான வீட்டில் கொடுப்பது, கதவை இடிப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். ஓடாதீர்கள். டி.எல்.லுக்குப் போன் செய்து, "இவ்வளவு மிச்சம் இருக்கு, இந்தத் தெருவெல்லாம் முடியாது போலிருக்கு" என்று மதியமே சொல்லுங்கள். அப்போது சொன்னால் பக்கத்து ரூட் ஆளை அனுப்ப அவருக்கு வழி இருக்கும். ஏழு மணிக்குச் சொன்னால் அவருக்கும் கை கட்டிப்போகும்.

போகாத வீட்டுக்குப் போனதாகவும், கதவு பூட்டியிருந்ததாகவும் ஆப்பில் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். கேட்காதீர்கள். அந்த வீட்டில் யாரோ காலையிலிருந்து காத்துக்கொண்டிருப்பார், மருந்தாகக்கூட இருக்கலாம். தவிர, பொய்யாகப் போட்ட என்ட்ரி எப்போது புகாராக வருமோ என்கிற உறுத்தல் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். இருக்கிற படபடப்பு போதாதா?

பணக் கணக்குக்கு ஒரு வழி. சட்டைப் பையில் சொந்தப் பணமும் சிஓடி பணமும் கலக்கவே கூடாது. இடுப்புப் பை ஒன்று சிஓடிக்கு மட்டும். நோட்டை வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தமாக எண்ணுங்கள். யுபிஐ என்றால் அவர் காட்டுகிற ஸ்கிரீனை நம்பாமல் உங்கள் கருவியில் பணம் வந்ததாகக் காட்டிய பிறகு பெட்டியைக் கொடுங்கள். மதியம் ஒருமுறை எண்ணி எழுதி வைத்தால் சாயங்காலம் கவுண்டரில் நிற்கும்போது நெஞ்சு அடிக்காது.

சில வாரங்கள் ஆகியும் தூக்கம் வரவில்லை, ஹப் வாசலில் வந்து நின்றாலே மூச்சு முட்டுகிறது என்றால் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் காசில்லாமல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். ரூட்டை மாற்றிக் கேட்பதிலும், லோடைக் குறைத்துக் கேட்பதிலும் தப்பே இல்லை.

தனியாகப் போகிற முதல் நாளுக்கு, பழகிய ரூட்டையே கேட்டு வாங்குங்கள். கூட வந்த டிரெயினரின் எண் போனில் மேலேயே இருக்கட்டும். என்னிடம் பழகிப் போனவர்கள் பலர் அன்றைக்குக் கூப்பிடுவார்கள், நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்டு நேரத்தைப் போக்காமல், எந்தத் தெருவில் நிற்கிறீர்கள், எதிரே என்ன கடை தெரிகிறது என்று முதலில் சொல்லுங்கள். மிச்சத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.